பிக்கப்பின் பின் ஆக்ஸிலில் சத்தமா? எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

பின்பக்கம் ஏதோ சத்தம் என்றதும் எல்லோரும் குனிந்து பார்த்தபடி கேட்பது, "எங்கேயிருந்து வருது?" காதை நம்பி இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆக்ஸில் குழாய், அதன்மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, சேஸி, கேபின் எல்லாம் இரும்போடு இரும்பாகப் பிணைந்து கிடக்கின்றன. இடது சக்கர பேரிங் உறுமினால் வலது இருக்கையில் இருப்பவருக்குத் தன் காலடியிலேயே உறுமுவதுபோல் இருக்கும். முன் சக்கரத்துச் சத்தத்தைப் பின்னால் என்று நம்பி ஆக்ஸிலைப் பிரித்துப் போட்டவர்களும் உண்டு. அதனால் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்: சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது? இதற்கு ஒழுங்காகப் பதில் சேர்த்துவிட்டால், பாகத்தின் பெயர் பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

இங்கே சொல்வதெல்லாம் பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒரே துண்டு ஆக்ஸில் கொண்ட வழக்கமான பிக்கப்புக்கு. கருவிகள் அதிகம் தேவையில்லை. ஜாக்கி, இரண்டு உறுதியான ஸ்டாண்டு, நட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், சாக்பீஸ், ஒரு நோட்டு, கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

பாகங்களை வேகத்தால் பிரியுங்கள்

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளமான ஷாஃப்ட், அதைக் கோணத்திலும் சுற்றவிடும் கிராஸ் ஜாயின்ட்கள், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், கடைசியில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம், பினியனைத் தாங்கும் இரண்டு பேரிங்குகள். இவையெல்லாம் வேகமாகச் சுற்றும் கூட்டம். பினியன், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைத் திருப்பும் இடத்தில் வேகம் குறைகிறது. பிக்கப்களில் இந்த விகிதம் பெரும்பாலும் 3க்கும் 5க்கும் இடையில் இருக்கும். 4.1 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிவிடும்.

கிரவுன் வீல், அதன் பக்க பேரிங்குகள், ஆக்ஸில் ஷாஃப்ட்கள், சக்கர பேரிங், டிரம், டயர் ஆகியவை சக்கர வேகத்தில் சுற்றுபவை.

வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் ஸ்பைடர் கியர்கள் தனி ரகம். நேராகப் போகும்போது அவை கிரவுன் வீலோடு பிணைந்த கூண்டோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். ஒன்றின்மேல் ஒன்று உருளாது. வளைவில்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே நேர்ச்சாலையில் மட்டும் கேட்கும் சத்தத்துக்கு ஸ்பைடர் கியரைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியாக, சுற்றாதவை: பட்டை, அதன் ரப்பர் புஷ், பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் சாக்கிள், ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட், ஷாக் அப்சார்பர், சைலன்சர் குழாய், ஸ்டெப்னி. மேடு பள்ளத்தில் மட்டும் வரும் சத்தம் இவர்களுடையது. வேகம் கூடக் கூட சத்தத்தின் சுருதியும் ஏறினால் இவர்களை விட்டுவிடலாம்.

முதல் வேலை: வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறதா?

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சக்கர நட்டுகளை, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். அண்மையில் டயர் கழற்றி மாட்டியிருந்தால் இதுதான் முதல் சந்தேகம். தளர்ந்த நட்டு மெதுவான வேகத்தில் டொக் டொக்கென்று தட்டும். கேட்பவர் டிஃபரன்ஷியல், அதாவது கிரவுனும் பினியனும் ஸ்பைடர் கியர்களும் இருக்கும் நடுப்பகுதி, போய்விட்டது என்று பதறுவார்.

பிறகு பின் சக்கரங்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. பிரேக் திரவத்துக்குக் கிடையாது. எதுவாக இருந்தாலும் பிரேக் லைனரில் பட்டிருக்க வாய்ப்புள்ளது என்பதால், அதைச் சரிசெய்யும்வரை வண்டி நிற்கட்டும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் ஓட்ட வேண்டாம். ஓட்டத்தில் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கீழே தொங்கித் தரையில் அடிக்கும்.

சத்தம் ஏற்கெனவே கரகரவென்று அரைக்கிற நிலைக்கு வந்து, சக்கரமும் ஆடினால் சோதனையே தேவையில்லை. பல பிக்கப்களில் சக்கரத்தின் சுமையை ஆக்ஸில் ஷாஃப்ட்டே நேரடியாகத் தாங்குகிறது. அந்த அமைப்பில் பேரிங் முற்றிலும் சிதைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. பினியன் பேரிங் இறுகிப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியைப் பின் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவும் கூடாது. மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அதோடு பின்தொட்டியைக் காலி செய்யுங்கள். பிக்கப்பில் இது சில்லறை விஷயமில்லை. தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி கொஞ்சம் தளர்ந்தாலே ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்ஸில் அடிப்பதுபோல் இடிக்கும். ஜாக்கி, ஸ்பானர் பை, பின்கதவின் தாழ்ப்பாள், டிரெய்லர் கொக்கி, ரப்பர் அறுந்து ஆக்ஸிலில் உரசும் சைலன்சர் குழாய் என்று ஒவ்வொன்றாக விலக்குங்கள். இதிலேயே சத்தம் போய்விட்டால் உங்களுக்கு யோகம்.

நடை வேகத்தில் எண்ணுங்கள்

டக் டக், கிளிக் கிளிக், கீச் கீச் என்று விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. ஆனால் யாரும் செய்வதில்லை. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் வண்டி நடை வேகத்தில் போகட்டும். கூட இருப்பவர் சக்கரத்திலிருந்து தள்ளி நடந்தபடி, கோடு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை முறை சத்தம் கேட்கிறது என்று எண்ணட்டும்.

சுற்றுக்கு ஒரு முறை என்றால் சக்கர வேகத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. டயர் பள்ளத்தில் சிக்கிய கல், தளர்ந்த நட்டு, வட்டம் கெட்ட டிரம், கிரவுன் வீலில் ஒரு பல் உடைந்தது என்ற வரிசையில் யோசியுங்கள், மலிவானது முதலில். விகிதம் 4.1 உள்ள வண்டியில் சுற்றுக்கு நாலு முறை என்றால் ஷாஃப்ட் அல்லது பினியன். சுற்றுக்கு எட்டு முறை வாக்கில் கேட்டால் கிராஸ் ஜாயின்ட் மேல் சந்தேகம் வலுக்கிறது. வளைந்த கோணத்தில் வேலை செய்யும் கிராஸ், ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தை ஏற்றி இறக்குகிறது. கெட்டால் அதே தாளத்தில் சத்தம் எழுப்பும். கிரீஸ் வறண்ட கிராஸ் கிளம்பும்போது குருவிபோல் கீச்சிடும், வேகம் கூடியதும் மற்ற இரைச்சலில் மறைந்துவிடும்.

உங்கள் வண்டியின் விகிதம் தெரியாதா? ஷாஃப்ட்டிலும் ஒரு கோடு போட்டு, நியூட்ரலில் வண்டியை மெதுவாகத் தள்ளச் சொல்லி, சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம்.

சாலையில்

தொடர்ந்து கேட்கும் ஊளைக்கும் உறுமலுக்கும் இந்தக் கட்டம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முதலில் அது இரு சக்கர நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகையில், காய்ந்த சாலையில் நான்கு சக்கரமும் இணைந்தபடி திரும்பினால் முறுக்கிக்கொண்டு முனகத்தான் செய்யும், அது பழுதல்ல.

நேரான, போக்குவரத்து இல்லாத, வழவழப்பான சாலை வேண்டும். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். 40, 60, 80 கி.மீ. என்று ஒவ்வொரு வேகத்திலும் மூன்று நிலைகள்: அக்ஸிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது, ஒரே சீராகப் பிடிக்கும்போது, காலை எடுத்து என்ஜின் பிரேக்கில் தளரும்போது. நோட்டில் கூட இருப்பவர் எழுதட்டும், ஓட்டுபவர் அல்ல.

முதலில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் விலக்க வேண்டும். அதே 60 கி.மீ. வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். சுருதி மாறினால் சத்தம் என்ஜின் வேகத்தோடு போகிறது, ஆக்ஸிலை மறந்துவிடலாம். மாறாமல் இருந்தால் கியர்பாக்ஸின் வெளிமுனையிலிருந்து டயர்வரை ஏதோ ஒன்று. கிளட்சை மிதித்துச் சில நொடி உருளவிட்டும் பாருங்கள். சாவியைத் திருப்பி என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும்.

இனி குறிப்பைப் படிக்கலாம். இழுக்கும்போது மட்டும் "உய்ங்ங்" என்று மெல்லிய ஊளை, காலை எடுத்ததும் அடங்குகிறது என்றால் கிரவுன்–பினியன் பல்லின் இழுவைப் பக்கம். காலை எடுத்தால் மட்டும் ஊளை என்றால் பல்லின் மறுபக்கம், அல்லது பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டாவதை நான் எப்போதும் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்வேன். பல் தேய்மானம் பொறுத்துக்கொள்ளும், தளர்ந்த பினியன் பொறுக்காது. அக்ஸிலரேட்டர் எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி "கொர்ர்ர்" என்று உறுமினால் பேரிங். அதில் சுருதி உயர்ந்ததாக, குறைந்த வேகத்திலேயே தொடங்கினால் பினியன் பக்கம். தாழ்ந்த அடிக்குரலாக இருந்தால் சக்கர பேரிங் அல்லது கிரவுனின் பக்க பேரிங்.

சக்கர பேரிங்கா என்று அறிய, நீளமான மென்மையான வளைவில் கவனியுங்கள். வண்டி இடப்பக்கம் வளைந்தால் சுமை வலது சக்கரத்தின் மேல் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலது பக்கத்தைச் சந்தேகியுங்கள். எதிர்ப்பக்கம் வளையும்போது குறைந்தால் சந்தேகம் பலக்கிறது. மாற்றமே இல்லையென்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பேரிங்கை நோக்கிப் போகலாம்.

வாகன நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது மட்டும் கடகடவென்று அதிர்ந்தால், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலா என்று கையேட்டில் பாருங்கள். அந்த வகையின் உராய்வுத் தட்டுகளுக்கு ஏற்ற எண்ணெய் அல்லது கூட்டுப்பொருள் இல்லாமல் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். சரியான எண்ணெய் மாற்றி, காலி இடத்தில் எட்டு வடிவில் சில முறை மெதுவாகச் சுற்றி வந்தால் தட்டுகளுக்கிடையே எண்ணெய் புகுந்து பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடும். நூறு பேர் சொன்னாலும் இதைச் செய்யாமல் டிஃபரன்ஷியலைப் பிரிக்க விடாதீர்கள்.

நின்று கிளம்பும்போதும், முன்னோக்கியிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு "டங்" என்பது வேறு ரகம். கிராஸ், ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் நழுவும் பல்வரிசை, தளர்ந்த யூ போல்ட் என்று பாருங்கள். பல்வரிசையில் கிரீஸ் வறண்டிருந்தால், வண்டி நிற்கும்போது பட்டை திரும்பித் தளர, சிக்கியிருந்த முனை சட்டென்று வழுக்கி இடிக்கும். கிரீஸ் வைத்தாலே தீரும்.

கைப்பேசியை வைத்து ஒரு கணக்கு

ஒலியின் அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் காதைவிட நல்ல துணை. 245/70ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. எனவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7 சுற்று. விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் 29 சுற்று. கிராஸின் அதிர்வு அதைப்போல் இரு மடங்கு, 58 ஹெர்ட்ஸ். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் பற்கள் நொடிக்கு ஏறத்தாழ 290 முறை பொருந்துகின்றன.

அதே வேகத்தில் 290 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையான முனை தெரிந்து, வேகம் 80க்கு ஏறும்போது அது 390 வாக்கில் நகர்ந்தால், கிரவுன்–பினியன்தான் பாடுகிறது. 29, 58 போன்ற தாழ்ந்த எண்களைக் கைப்பேசி சரியாகப் பிடிக்காது. அவற்றை இருக்கையிலும் தரைப்பலகையிலும் அதிர்வாக உணர்வீர்கள். பேரிங் ஒரே முனையாகத் தெரியாமல் பரந்த இரைச்சலாகத்தான் பெரும்பாலும் தெரியும். ஒரு எச்சரிக்கை: டயர் முகத்திலுள்ள ரப்பர் கட்டைகளின் இரைச்சலும் இதே நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் பகுதியில்தான் விழும். டயரை விலக்காமல் இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

டயரை விலக்குங்கள்

டயரின் முகத்தில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலவும் பட்டாலோ, அலையலையாகத் தேய்ந்திருந்தாலோ, பேரிங்போல் உறுமக்கூடிய டயர் அது. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர். கியரும் பேரிங்கும் சாலையைப் பார்த்து மாறாது. இன்னும் சந்தேகம் இருந்தால், டயர் அளவு ஒன்றாக உள்ள வண்டியில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி மாட்டி மறுபடி ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள்.

தூக்கிப் பார்த்தல்

முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை முட்டுக்கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளை ஆக்ஸில் குழாய்க்கு அடியில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. என்ஜினை ஓடவிட்டுச் சக்கரங்களை அந்தரத்தில் சுற்றவிடும் சோதனையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். ஒரு சக்கரம் தரையைத் தொட்டால் வண்டி பாய்ந்துவிடும். கையால் சுற்றினாலே போதிய தகவல் கிடைக்கும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உணரக்கூடிய ஆட்டம் சக்கர பேரிங்கைக் காட்டும். அடுத்து ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையை ஆக்ஸில் குழாயின் முனையில், பேரிங் இருக்கும் இடத்துக்கு அருகே வையுங்கள். நல்ல பேரிங் மென்மையாக ஓடும். கெட்டது மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரியும். இரு பக்கத்தையும் ஒப்பிடாமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள். பிரேக் லைனர் லேசாக உரசும் சர்ர் சத்தத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஷாஃப்ட்டையே கையால் சுற்றுங்கள். பினியனும் கிரவுனும் அவற்றின் பேரிங்குகளும் ஓடும். எங்காவது தட்டுகிறதா, இறுகுகிறதா? பினியன் முனையில் ஷாஃப்ட்டை இணைக்கும் பிளேஞ்சை மேலும் கீழும், உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசைகளில் ஆட்டம் கையில் தெரியவே கூடாது. சுற்றும் திசையில் கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்பு. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி பல பிக்கப்களில் 0.1 முதல் 0.25 மி.மீ. வாக்கில் இருக்கும், அதோடு ஸ்பைடர் கியர், பல்வரிசை இடைவெளிகளும் சேர்வதால் ஷாஃப்ட்டில் அது பெரிதாகத் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து கிரவுனை மாற்றியவர்கள் ஏராளம்.

கடைசியில் பட்டைகள். யூ போல்ட் நட்டுகள் இறுக்கமா, ஆக்ஸில் உட்காரும் இடத்தில் துருப்பொடி உதிர்ந்த பளபளப்பு தெரிகிறதா, சாக்கிள் புஷ் ரப்பர் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டையின் நடு போல்ட் உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகரும். இரு பக்கமும் பட்டையின் முன் முனையிலிருந்து ஆக்ஸில்வரை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

எண்ணெய் சொல்லும் கதை

டிஃபரன்ஷியலில் நிரப்பும் அடைப்பானும் வடிக்கும் அடைப்பானும் தனித்தனி. முதலில் நிரப்பும் அடைப்பானைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால், கீழே எண்ணெயை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். வண்டி சமமாக நிற்கும்போது எண்ணெய் பெரும்பாலும் அந்தத் துளையின் அடி விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் பினியன் சீலிலும் சக்கர சீலிலும் கசிவைத் தேடுங்கள்.

காந்தம் பொருத்திய அடைப்பானில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். தகடுபோல் மின்னும் செதில் என்றால் பேரிங் உரிகிறது. துண்டாகப் பல் கிடைத்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்ஸில் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அந்த வெற்றிடம் சீல் வழியே நீரை உறிஞ்சும். எண்ணெயை மாற்றும்போது அந்த மூச்சுக்குழாயையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். எந்த எண்ணெய் என்பதற்குக் கையேடுதான் சட்டம்; பலவற்றில் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 என்றிருக்கும்.

பட்டறையில்

"ஆக்ஸில் சத்தம்" என்று சொல்லி வண்டியை விடாதீர்கள். "60இல் தொடங்குகிறது, காலை எடுத்தால் மட்டும் வருகிறது, வளைவில் மாறவில்லை, டயர் மாற்றிப் பார்த்தாயிற்று, எண்ணெயில் செதில் இருந்தது" என்று சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள்.

மெக்கானிக் பினியன் நட்டை "கொஞ்சம் முறுக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல ஆக்ஸில்களில் அந்த நட்டுக்குப் பின்னால் நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது; பேரிங்கின் முன்னிறுக்கம், அதாவது மாட்டும்போதே அதற்குக் கொடுக்கும் இறுக்கம், அந்தக் குழாய் எவ்வளவு நசுங்கியது என்பதைப் பொறுத்தது. அளக்காமல் முறுக்கினால் சத்தம் சில நாள் அடங்கலாம், பிறகு பேரிங் சூடேறிச் சாகும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தியே அவை ஆலையிலிருந்து வருகின்றன. மாட்டிய பிறகு பல்லில் சாயம் பூசிப் பதிவு பார்த்தார்களா, இடைவெளியை டயல் கேஜில் அளந்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

எல்லா ஊளைக்கும் செலவு செய்ய வேண்டியதில்லை. எண்ணெய் சுத்தமாக, பினியனில் ஆட்டம் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய ஊளை வந்து அது மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால், நானாக இருந்தால் அப்படியே ஓட்டுவேன். அதே சாலை, அதே வேகம், அதே கைப்பேசி வைத்துப் பதிவெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது இன்னொரு பதிவெடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உறுமல் மட்டும் இந்தச் சலுகைக்குள் வராது, அதை உடனே பார்த்தாக வேண்டும்.